சுழலும் உருண்டையும் சும்மா இருக்கும் வகுப்பும்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள பள்ளியின் அறிவியல் விழாவுக்கு நாம் சென்றிருந்தோம். பள்ளியின் பெயர் இங்கு வேண்டாம். அங்கு கண்டது எங்கும் நடப்பதுதான். ஒன்பதாம் வகுப்பு அறையில் புதிய திரை, புதிய புரொஜெக்டர், ஜன்னல்களில் கறுப்புத் துணி. ஆசிரியர் கூகுள் எர்த் மென்பொருளைத் திறந்தார். கரிய வெளியில் நீல உருண்டை சுழன்றது. பிறகு இந்தியா, தமிழ்நாடு, அந்த ஊர், பேருந்து நிலையம், கடைசியில் பள்ளியின் கூரை. கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. அடுத்து ஈபிள் கோபுரம், பிரமிடுகள், மாணவர்களின் வேண்டுகோளுக்கிணங்க ஒரு நடிகரின் வீடு. இருபது நிமிடங்கள் போனதே தெரியவில்லை.

கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "சார், உலகம் முழுக்க எப்படி சார் ஒரே நேரத்துல பகலா இருக்கு?" என்று கேட்டாள். ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை; சிரித்துக்கொண்டே, "அது கம்ப்யூட்டர்ம்மா, அப்படித்தான் இருக்கும், உட்காரு" என்றார். மணி அடித்தது. பாடம் நன்றாக நடந்ததாக எல்லோரும் பாராட்டினார்கள். வருகைப் பதிவேட்டில் நாமும் ஏதோ நல்ல வார்த்தை எழுதிவிட்டு வந்தோம். அந்தக் கோழைத்தனத்துக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறோம்.

அந்த வகுப்பில் அறிவியல் என்று சொல்லத்தக்க ஒரே ஒரு நிகழ்ச்சி நடந்தது. அது அந்த மாணவியின் கேள்வி. அதைத்தான் உட்காரச் சொன்னார்கள். மெய்நிகர் பூகோளத்தைக் கொண்டு அறிவியல் கற்பிக்கிறோம் என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது, திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டிக்குள் டில்லியைப் பார், ஆக்ராவைப் பார் என்று காட்டியதன் மறுபதிப்பே. பயாஸ்கோப்காரராவது அதை அறிவியல் என்று அழைத்ததில்லை.

இலக்கியம் பேசும் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு நாவலைக் கையில் எடுத்தால் இதை யார் சொல்கிறார், எங்கிருந்து சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கேட்கப் பழகியவர்கள் நாம். கதைசொல்லியை அப்படியே நம்பும் வாசகரைப் பற்றி நமக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. திரையில் சுழலும் அந்த உருண்டைக்கும் ஒரு கதைசொல்லி உண்டு. அவர் இருப்பதையே மறைத்துவிடுவதுதான் அந்த மென்பொருளின் வெற்றி. அவரைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தராத வகுப்பு வாசிக்கவும் கற்றுத்தராது என்பது நம் கட்சி.

இந்த விவாதம் நம்மிடையே நடந்ததே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கீஹோல் என்ற சிறு நிறுவனத்தை 2004-இல் வாங்கிய கூகுள், 2005 ஜூனில் இந்த மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபரிலேயே அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டின் பாதுகாப்பு குறித்து ஐயம் எழுப்பினார். நாடாளுமன்ற வளாகம் தெரியலாமா, படைத்தளம் தெரியலாமா என்று பல ஆண்டுகள் பேசினோம். 2009-இல் நம் இஸ்ரோவே 'புவன்' என்ற பெயரில் சொந்தப் பூகோளம் ஒன்றைக் கொண்டுவந்தது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதிலேயே பேச்சு முடிந்துவிட்டது. காட்டப்படுவதை ஒரு குழந்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்பார் இல்லை.

1998 ஜனவரியில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் ஆல் கோர் 'டிஜிட்டல் பூமி' என்ற தலைப்பில் ஆற்றிய உரையை இங்கே நினைவுகூரலாம். அதில் ஒரு சிறுமி அருங்காட்சியகத்துக்குப் போகிறாள். பூமியை விண்ணிலிருந்து காண்கிறாள். கையுறை அணிந்த தன் கையால் தானே அதை நெருங்குகிறாள். அரசியல்வாதியின் கனவுதான், ஆனாலும் அதில் கட்டுப்பாடு சிறுமியின் கையில் இருந்தது. நாம் கண்ட வகுப்பில் சுட்டி ஆசிரியரின் கையைவிட்டு ஒரு கணமும் அகலவில்லை.

சரி, அந்த மாணவிக்கு என்ன பதில்?

திரையில் தெரிவது புகைப்படம் அல்ல. பல்லாயிரம் படங்களின் ஒட்டுவேலை. உலகம் தழுவிய அடித்தளப் படத்துக்கு 2013-இல் லாண்ட்சாட் 7 செயற்கைக்கோளின் படங்களையும், 2016-இல் லாண்ட்சாட் 8-இன் படங்களையும் எடுத்துக்கொண்டு, ஒரே இடத்தை வெவ்வேறு நாட்களில் எடுத்தவற்றிலிருந்து மேகமில்லாத புள்ளிகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்தார்கள். நெருங்கிப் போனால் தெரிபவை வணிகச் செயற்கைக்கோள்களும் விமானங்களும் எடுத்தவை. பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள்கூட வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருக்கலாம். ஆகவே அந்த உருண்டையில் இரவில்லை, மழையில்லை, பருவமில்லை. அப்படியொரு பூமி எந்தக் கணத்திலும் இருந்ததில்லை. (சூரிய ஒளியைக் காட்டும் ஒரு பொத்தானை அழுத்தினால் இருள் பரவும், அதுவும் கணக்கிட்டு வரைந்த இருள்தான்.) உலகம் முழுக்கப் பகலாக இருப்பது கம்ப்யூட்டர் என்பதால் அல்ல. யாரோ சிலர் இரவையும் மேகத்தையும் வேண்டாமென்று விலக்கியதால்.

இந்தப் பதிலிலிருந்து ஒரு மாதத்துக்குப் பாடம் எடுக்கலாம். படத்தில் உயரமான கட்டடங்களின் நிழல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவை மேற்கு நோக்கியே சாய்ந்திருக்கும். ஏன்? நுணுக்கமான படங்களை எடுக்கும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை ஒவ்வோர் இடத்தையும் அவ்விடத்து நேரப்படி முற்பகல் பத்தரை மணியளவில் கடக்கும்படி சுற்றுப்பாதை அமைத்திருக்கிறார்கள். காலைச் சூரியன் கிழக்கே, நிழல் மேற்கே. இன்னும் உற்றுப் பார்த்தால் சில படங்களில் நிழல் வடமேற்கிலும் சிலவற்றில் தென்மேற்கிலும் விழுந்திருக்கும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி கடந்து சில நாட்கள் வரை நண்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே நிழலைப் பார்த்தே, இது டிசம்பர்ப் படமா ஜூன் படமா என்று ஒரு பதினான்கு வயதுப் பெண் சொல்லிவிடலாம். சொன்ன பிறகு திரையின் அடியில் அச்சிட்டிருக்கும் தேதியோடு ஒப்பிடலாம். சரியாக இருந்தால் மகிழ்ச்சி. தவறாக இருந்தால் அது இன்னும் நல்ல பாடம். பூமியின் அச்சுச் சாய்வைப் பற்றி எத்தனை முறை மனப்பாடம் செய்திருப்பாள்! அது பேருந்து நிலையத்தின் நிழலில் ஒளிந்திருக்கிறது என்று யாராவது அவளிடம் சொன்னார்களா?

இதற்கு முன் அவள் ஒரு குச்சியை மைதானத்தில் நட்டு நாள் முழுக்க நிழலை அளந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். வெயிலில் நிற்காதவருக்குத் திரையின் நிழல் வெறும் கறை.

மென்பொருள் தவறு செய்யும் இடங்கள் ஆசிரியருக்குக் கிடைத்த புதையல். நம் பள்ளிகளிலோ அவை மறைக்கப்பட வேண்டிய வெட்கமாகக் கருதப்படுகின்றன. 2009 பிப்ரவரியில் கடலடிப் பரப்பும் மென்பொருளில் சேர்க்கப்பட்டவுடன், கானரித் தீவுகளுக்கு மேற்கே அட்லாண்டிக்கின் அடியில் தெருக்களைப்போல் நேர்கோடுகள் பின்னிக் கிடந்ததைச் சிலர் கண்டார்கள். அட்லாண்டிஸ் அகப்பட்டுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவை ஒலியலைகளால் ஆழத்தை அளந்துகொண்டு சென்ற கப்பல்களின் தடங்கள். கப்பல் போன கோட்டில் ஆழம் நுட்பமாகத் தெரியும். போகாத இடங்களில், கடல்மட்டத்தின் மிகச்சிறு மேடுபள்ளங்களைச் செயற்கைக்கோள் அளந்ததைக் கொண்டு ஆழத்தை உத்தேசிக்கிறார்கள். இரண்டும் பொருந்தாத விளிம்பே தெருவாகத் தெரிந்தது. கடலடியில் எந்தக் கோடும் இல்லை. நாம் அறிந்ததற்கும் அறியாததற்கும் நடுவில்தான் அந்தக் கோடு இருந்தது. கடலடியில் நேரடியாக அளக்கப்பட்டது இன்றும் கால்பங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் இடையே 'சாண்டி தீவு' என்றொரு தீவு கூகுளின் வரைபடத்திலும் இருந்தது, பல அச்சு வரைபடங்களிலும் இருந்தது. 2012 நவம்பரில் ஆஸ்திரேலிய ஆய்வுக்கப்பல் ஒன்று அவ்விடத்துக்கே போய்ப் பார்த்தது. தீவில்லை, ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் நீர்தான் இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு வரைபடம் இன்னொன்றைப் பார்த்து எழுத, இல்லாத தீவு இருந்துகொண்டே வந்திருக்கிறது. தேர்வறையில் பார்த்தெழுதும் பழக்கம் உள்ள நம் மாணவர்கள் இக்கதையை மிக எளிதாகப் புரிந்துகொள்வார்கள்.

நம் வீட்டுச் சங்கதிக்கு வருவோம். இங்கே சிலருக்கு மனவருத்தம் ஏற்படும் என்று தெரிந்தே எழுதுகிறோம். கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலடி மேடுகளைக் காட்டும் திரைப்படங்களை வெட்டியெடுத்து, இதோ குமரிக்கண்டம், கூகுளே ஒப்புக்கொண்டுவிட்டது என்று சுற்றுக்கு விடுகிறவர்கள் நம் நண்பர் வட்டத்திலேயே இருக்கிறார்கள். படித்தவர்கள், தமிழில் தோய்ந்தவர்கள். அடியார்க்கு நல்லார் தம் உரையில் கடல்கொண்ட நாற்பத்தொன்பது நாடுகளைப் பற்றிச் சொல்வதை நாமும் படித்திருக்கிறோம். அந்நினைவின் கனத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் லெமூரியா என்ற பெயர் நம்முடையதல்ல. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதை விளக்க ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் 1864-இல் ஊகித்த நிலப்பாலம் அது. கண்டங்களே நகர்கின்றன என்பது 1960-களில் நிலைநாட்டப்பட்டதும் அந்த ஊகத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று.

இதைச் சொற்பொழிவாகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். சுட்டியை மாணவரிடமே கொடுத்துவிடுங்கள். கடலின் மேல் சுட்டியை நகர்த்தினால் அவ்விடத்து ஆழம் எண்ணாகத் தெரியும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அப்படியானால் 120 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள இடமெல்லாம் அன்று நிலம். இந்த ஒரு விதியைக் கொடுத்துக் கரையை வரையச் சொல்லுங்கள். குமரிமுனைக்குத் தெற்கே, மீனவர்கள் நன்கறிந்த வாட்ஜ் கரை என்ற ஆழமற்ற திட்டில் ஒரு நிலப்பகுதி வெளிப்படும். பாக் நீரிணை முழுவதும் தரையாகி, நடந்தே இலங்கைக்குப் போகலாம். அதைத் தாண்டினால் எண்கள் சரிந்து ஆயிரத்தைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். நிலம் கடலுக்குள் போனது உண்மை, கண்டம் போனதில்லை. இவ்விரண்டையும் ஒரு மாணவர் தன் கையாலேயே ஒரு மணி நேரத்தில் கண்டுகொள்ள முடியும். அப்படிக் கண்டவர் உரையாசிரியரை ஏளனம் செய்யவும் மாட்டார், வெட்டி அனுப்பிய படத்தை நம்பவும் மாட்டார். மென்பொருளைக் காட்சிப்பொருளாக மட்டும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அட்லாண்டிஸும் ஒன்றுதான், குமரியும் ஒன்றுதான். திரையில் தெரிந்தால் போதும்.

அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் ஓர் அளவுகோல் இருக்கிறது. இரு இடங்களைச் சொடுக்கினால் தூரத்தைச் சொல்லும். நன்கு சிந்திக்கும் ஆசிரியர்கள் சிலர் இதை வைத்து எரட்டோஸ்தெனிஸின் பழைய சோதனையைச் செய்யலாம் என்கிறார்கள். பெங்களூரும் கன்னியாகுமரியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் உள்ளன. ஒரே நாளில் இரு ஊர்களிலும் நண்பகல் நிழலை அளந்தால் சூரியனின் கோணம் 4.9 பாகை அளவு வேறுபடும். நடுவிலுள்ள தூரம் ஏறத்தாழ 540 கி.மீ. பெருக்கி வகுத்தால் பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கி.மீ.-க்கு அருகில் வந்து நிற்கும். அழகான பாடம்தான். ஆனால் ஒரு திருட்டு இருக்கிறது. அந்த 540-ஐ மென்பொருள் எப்படிச் சொன்னது? பூமியின் அளவை முன்கூட்டியே தன்னுள் வைத்திருப்பதால் சொன்னது. பூமி இவ்வளவு பெரியது என்று எடுத்துக்கொண்டு, பூமி இவ்வளவு பெரியது என்று நிரூபித்திருக்கிறோம். இந்தத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மாணவருக்கு முழு மதிப்பெண்ணும் கொடுத்து அனுப்பலாம்.

பின் வேறெப்படி அளப்பது? நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே தொடங்கி ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். ஏறத்தாழ நானூறு முறை சங்கிலியைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. பிறகு மலை, கோபுரம் என ஏறி முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவை அளந்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி விமானத்தில் மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் அதை உட்கார்ந்து தானே செப்பனிட்டார். காலனிய அரசுக்கு நிலத்தை அளந்தவர்தான். அதை மறக்க வேண்டியதில்லை. ஆயினும் திரையில் ஒரு சொடுக்கில் வந்துவிழும் எண்ணுக்குப் பின்னால் சங்கிலி சுமந்தவர்களின் தோள் இருக்கிறது என்பதை மாணவர்கள் அறிய வேண்டாமா? தஞ்சை மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கயிறு அறுந்த கதை தெரியும்?

கடற்கரைக்குப் போகலாம். 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக ஓட்டிக்காட்டும் வசதி 2021-இல் கூகுள் எர்த்துக்குள்ளேயே வந்துவிட்டது. புதுச்சேரிக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. நம் கிழக்குக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் மேடிட்டது, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்து பாறைக் குவியலாயிற்று. பாறை போட்ட இடம் பிழைத்தது. அரிப்பு இன்னும் வடக்கே, கோட்டக்குப்பத்துப் பக்கம் மீனவர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் எஃகுத் திட்டு ஒன்றை அமைத்த பின் மணலில் ஒரு பகுதி திரும்பியது. சென்னையில் இதே கதை நூறு ஆண்டுகள் முன்னதாகவே நடந்தது: துறைமுகம் வந்தது, மெரினா விரிந்தது, ராயபுரத்துக்கு வடக்கே கடல் தின்றது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டக்கூடாது. படத்தை மட்டும் காட்டிவிட்டு, மணல் எந்தத் திசையில் போகிறது, அம்புக்குறி போடு என்று சொல்லிவிட்டு ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அது கடினம் என்பது நமக்குத் தெரியும். நம்மில் இருவர் ஆசிரியர்கள்.

அறிவியல் என்பது சண்டையும் சேர்ந்ததுதான் என்பதற்கும் இதே மென்பொருளில் உதாரணம் உண்டு. 2008-இல் ஜெர்மன், செக் ஆய்வாளர்கள் சிலர் இதன் படங்களில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளை எண்ணி, மேய்ந்துகொண்டும் படுத்துக்கொண்டும் இருக்கும் மாடுகள் வடக்கு தெற்காக நிற்க முற்படுகின்றன, காந்தப்புலமே காரணமாகலாம் என்று எழுதினார்கள். 2011-இல் வேறொரு செக் குழு அதே வகைப் படங்களைப் பார்த்து, அப்படியொன்றும் இல்லை என்றது. உங்கள் படங்களில் பல தெளிவற்றவை என்று முதல் குழு திருப்பி எழுதியது. நம் ஊர் மந்தைவெளியில் எந்த வகுப்பும் இதை எண்ணிப் பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை.

இதற்கெல்லாம் நேரமில்லை, பாடத்திட்டம் முடியாது, இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது என்பார்கள். நேரம் இருந்ததே, நடிகரின் வீட்டைப் பார்க்க? கருவி போதாது என்பதும் சரியல்ல. 2011 முதல் பல ஆண்டுகள் அரசு மடிக்கணினிகள் கொடுத்தது. உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. 2018 முதல் வந்த பாடநூல்களில் பாட இறுதிதோறும் 'இணையச் செயல்பாடு' இருக்கிறது. இதைச் சொடுக்கு, அதைச் சொடுக்கு என்று படிப்படியாகச் சொல்கிறது. எல்லாப் படியும் ஏறிய பின் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. இணையம் இல்லையென்றால் நான்கு ஆண்டுகளின் நான்கு படங்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். கேள்வி தாளிலும் ஓடும்.

நம் பக்கத்திலிருந்தே எழும் வேறொரு குரலுக்கும் பதில் சொல்ல வேண்டும். திரையே வேண்டாம், குழந்தைகள் மண்ணையும் மரத்தையும் பார்க்கட்டும் என்கிறார்கள் இலக்கிய நண்பர்கள். மண்ணைப் பார்க்கட்டும், மறுப்பில்லை. ஆனால் தன் ஊர் ஏரி இருபது ஆண்டுகளில் எவ்வளவு சுருங்கியது என்பதை அதன் கரையில் நின்று எந்தக் குழந்தையும் பார்த்துவிட முடியாது. அதற்கு உயரம் வேண்டும், காலம் வேண்டும். இரண்டையும் இந்த மென்பொருள் தருகிறது. அதைத் தூக்கியெறியச் சொல்கிறவரும், கைதட்டலுக்கு மட்டும் பயன்படுத்துகிறவரும், அது வெறும் படம் என்றே எண்ணுகிறார்கள்.

அந்தப் பள்ளி ஆசிரியருக்குச் சென்ற வாரம் ஒரு கடிதம் எழுதினோம். நிழல் விஷயத்தை மட்டும் விரிவாக எழுதி, கடைசி வரிசை மாணவியின் கேள்வியிலிருந்து தொடங்கலாமே என்று கேட்டிருந்தோம். பதில் உடனே வந்தது. கேள்வி தமக்கு நினைவிருப்பதாகவும், அன்று உண்மையில் தமக்கே விடை தெரியாதிருந்ததாகவும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் இரண்டு பீரியடு கிடைக்குமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறாராம். மைதானத்தில் குச்சி நடுவதற்கு உடற்கல்வி ஆசிரியரின் அனுமதியும் வேண்டுமாம்.